பழவேற்காட்டுக் கரையில் கடல் உயிரியலாளர்: படிப்பு, அளவு, அனுமதி, சம்பளம்

பழவேற்காடு முகத்துவாரத்திலிருந்து தெற்கே காட்டுப்பள்ளி வரை மணலில் நடந்தால், தை பிறந்த பிறகு பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உட்கார்ந்து, நாடாவால் ஓட்டின் நீளத்தை அளந்து, படம் எடுத்து, ஓட்டின் மேல் பெயிண்டால் தேதி போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்பவர்தான் கடல் உயிர்ப் பாதுகாப்பு ஆய்வாளர். இந்தக் கரையில் அவர் வேலையின் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும். எண்ணுவது, அளப்பது, எழுதுவது. அந்த எண்களை வைத்துக்கொண்டு எந்தப் படகு, எந்த மாதம், எவ்வளவு தூரத்துக்கு அப்பால் வலை இழுக்க வேண்டும் என்று அரசிடமும் மீனவர் பஞ்சாயத்திடமும் பேசுவது மீதிப் பகுதி. முதல் பகுதி சரியாக இல்லாதவருக்கு இரண்டாம் பகுதியில் நாற்காலி கிடைக்காது.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்ப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர நினைத்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்கும் பேசும் எல்லை ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. அது என்ன என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் செத்த ஆமையிலிருந்தே தொடங்கலாம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

எந்த ஆமை என்பதை ஓட்டின் பக்கவாட்டுத் தகடுகளை எண்ணித்தான் உறுதி செய்ய வேண்டும். நடு முதுகுத் தகடுகளுக்கு இரு பக்கமும் இருக்கும் தகடுகள் பேராமைக்கும் அழுங்காமைக்கும் பக்கத்துக்கு 4. பங்குனி ஆமைக்கு 5 முதல் 9 வரை இருக்கும், பெரும்பாலும் 6 அல்லது அதற்கு மேல். இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் 6, மறு பக்கம் 7 என்று வந்தால் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திருத்த வேண்டாம். அந்தச் சமமின்மையே அடையாளம். இரு பக்கமும் 5 மட்டும் இருந்தால் பெருந்தலை ஆமையாகவும் இருக்கலாம். அப்போது புரட்டிப் பார்க்க வேண்டும். மேலோட்டையும் அடியோட்டையும் இணைக்கும் தகடுகளில் சிறு துளைகள் தெரிந்தால் அது பங்குனி ஆமை.

நீளத்தை வளையும் நாடாவால், கழுத்துக்குப் பின்னால் ஓடு தொடங்கும் நடுப்புள்ளியிலிருந்து வால் பக்கத்து நுனி வரை ஓட்டோடு ஒட்டி அளக்க வேண்டும். வளர்ந்த ஆமைக்கு இது 60 முதல் 75 சென்டிமீட்டர் வரை வரும். சிலர் மரச்சட்டக் கருவியால் நேர்கோட்டில் அளப்பார்கள். அந்த எண் சில சென்டிமீட்டர் குறைவாக வரும். இரண்டில் எது என்று படிவத்தில் குறிக்காமல் விட்டால் பத்து வருடத் தரவும் வீண். போன வருடம் ஒருவர் வளைவில், இந்த வருடம் இன்னொருவர் நேரில் அளந்திருந்தால், ஆமைகள் சிறுத்துக்கொண்டே போவதாக ஒரு பொய்யான முடிவு தானாக வந்து நிற்கும்.

ஆணா பெண்ணா என்பதை வாலில் பார்க்கலாம். வளர்ந்த ஆணின் வால் ஓட்டைத் தாண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். பெண்ணின் வால் ஓட்டு விளிம்பைத் தாண்டுவதே அரிது. நாய் கடித்து வால் போயிருந்தால் ‘தெரியவில்லை’ என்று எழுதுவதுதான் நேர்மை. சாவின் காரணத்துக்கும் இதே விதி பொருந்தும். இழுவைமடியில், அதாவது விசைப்படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலையில், மாட்டி மூச்சுத் திணறிச் செத்த ஆமையின் உடம்பில் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். புதிதாகச் செத்ததை வனத்துறையின் அனுமதியோடு கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் சொல்ல ஏதாவது கிடைக்கும். இந்த வெயிலில் இரண்டு மூன்று நாள் ஊறி உப்பிய உடலில் எதுவும் தேறாது. எல்லாவற்றுக்கும் ‘இழுவைமடி’ என்று எழுதிவிட்டால், விசைப்படகுச் சங்கத்தோடு உட்கார்ந்து பேசும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. விசைப்படகுதான் முக்கியக் காரணம் என்று உறுதியாக நம்பும் ஆய்வாளருக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் கூடுதலாக வேண்டும்.

பெயிண்ட் போடுவது இரட்டை எண்ணிக்கையைத் தவிர்க்க. அலை ஒரே உடலை உள்ளே இழுத்து அரைக் கிலோமீட்டர் தள்ளி மறுபடி போடும். இடக்குறிப்பில் வரும் தவறும் இதே அளவு கெடுதல் செய்யும். பழவேற்காடு ஏறக்குறைய 13 டிகிரி 25 நிமிட வட அகலாங்கில் இருக்கிறது. அதைத் தசமத்தில் எழுதும்போது 13.4167 என்று வர வேண்டும். 13.25 என்று எழுதிவிட்டால் புள்ளி 18 கிலோமீட்டர் தெற்கே போய் எண்ணூர்த் துறைமுகத்தின் பக்கம் விழும். கைப்பேசிச் செயலிகளில் எந்த முறையில் எண் வருகிறது என்பதைப் பருவம் தொடங்கும் முன் ஒரு முறை பார்த்துப் படிவத்தின் தலையில் எழுதிவைத்தால் போதும்.

இனி எல்லைக்கு வருவோம். முகத்துவாரத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் ஆந்திரம் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஸ்ரீஹரிகோட்டா. கரையில் ஒதுங்கும் ஆமை எந்த மாநிலக் கடலில் செத்தது? மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வங்கக் கடலின் மேற்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். பிப்ரவரி வாக்கில் திரும்பி, தெற்கிலிருந்து வடக்கே வலுவாக ஓடத் தொடங்கும். மார்ச், ஏப்ரலில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். ஆக, ஜனவரி முதல் வாரத்தில் பழவேற்காட்டில் ஒதுங்குவது ஆந்திரக் கடலில் செத்ததாக இருக்கலாம். மார்ச்சில் ஆந்திரத்தின் துகராஜபட்டினம் பக்கம் ஒதுங்குவது சென்னைக்கு நேரே செத்ததாக இருக்கலாம். காற்று இதைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றும். காசிமேட்டு விசைப்படகுகள் வடக்கே போய்ப் பிடிப்பதும் உண்டு என்பதால், ஆந்திரக் கடலில் செத்தது ஆந்திரப் படகில்தான் செத்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது எழுந்த விவாதம் பெரும்பாலும் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே சுற்றியது. வடக்குக் கரையின் எண்ணிக்கையை அதே வாரத்தில், அதே படிவத்தில் எடுத்து வைத்திருந்தால்தான் அந்த விவாதம் முழுமை பெறும். இரண்டு பக்கமும் நடந்து, இரண்டு மொழியிலும் கேட்டு எழுதக்கூடிய ஆள் மிகக் குறைவு. எல்லை ஊர்ப் பிள்ளைகளின் சாதகம் என்று முன்னே சொன்னது இதைத்தான். இறாலை ரொய்ய என்றும் நண்டைப் பீத்த என்றும் ஆமையைத் தாபேலு என்றும் கேட்டவுடன் புரிந்துகொள்பவருக்குக் கிடைக்கும் தகவல், மொழிபெயர்ப்பாளரோடு போகிறவருக்குக் கிடைக்காது.

சட்டமும் எல்லையில் மாறுகிறது. தமிழ்நாட்டில் விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள் மீன்பிடிக்கக் கூடாது. ஆந்திரத்தில் அந்த அளவு 8 கிலோமீட்டர். இரு மாநிலத்திலும் ஆண்டுத் தடைக்காலம் ஒன்றுதான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். இந்தத் தடைக்காலம் ஆமையைக் காப்பதாகப் பலர் நம்புகிறார்கள். காப்பதில்லை. பங்குனி ஆமை கரையோரம் கூடி முட்டையிடும் உச்சக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. தடை தொடங்கும்போது பெரும்பாலான தாய் ஆமைகள் வேலை முடித்துப் போயிருக்கும். ஆமைக்கு உதவுவது 5 கடல் மைல் விதியும், ஆமை தப்பிக்க மடியில் பொருத்தும் கம்பிச் சட்டகமும்தான். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்ற சட்டகத்தை வடிவமைத்துத் தந்திருக்கிறது. கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இறாலும் மீனும் கம்பிக்கு இடையே போய் மடியின் நுனியில் சேரும், ஆமை கம்பியில் மோதிச் சாய்வாக நழுவித் திறப்பு வழியே வெளியேறும். சரிவு தப்பினால் சட்டகம் பயனற்றது. மிக நிமிர்ந்திருந்தால் ஆமை கம்பியிலேயே அழுந்தி நிற்கும், மிகப் படுத்திருந்தால் மீன் வெளியே போகும். மீனவர்கள் ‘மீன் போகிறது’ என்று சொல்வதைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல், படகில் ஏறி, சட்டகம் எந்தக் கோணத்தில் கட்டப்பட்டிருக்கிறது, திறப்பை மூடும் துண்டுவலை எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே கிடைக்கும். இப்படி இரண்டு மூன்று நாள் கடலில் தங்கி வரும் ஆய்வாளரின் பேச்சை மட்டுமே துறைமுகத்தில் கேட்பார்கள்.

முட்டைப் பொரிப்பகம் பற்றி

படம் எடுக்க அழகான வேலை இது. அதனால் பலருக்கும் இதில்தான் ஆசை. ஆனால் நாய், திருட்டு, கரை அரிப்பு, விளக்கு வெளிச்சம் ஆகிய தொல்லைகள் இல்லாத இடத்தில் முட்டையை அது இட்ட குழியிலேயே விடுவதுதான் சிறந்தது. பொரிப்பகம் இரண்டாம் வழி.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் நேரம் முக்கியம். இட்ட சில மணி நேரத்தில் கரு முட்டையின் உள் சவ்வில் மேற்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டை உருண்டால் கரு கிழிந்து சாகும். எனவே 2, 3 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது, 6 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. காலை ஏழு மணிக்குக் கிடைத்த குழியை, எப்போது இட்டது என்று தெரியாமல் தோண்டி, பிளாஸ்டிக் பையில் குலுங்கக் குலுங்க இருசக்கர வண்டியில் எடுத்துப் போனால், பிறகு பொரிக்காத முட்டைக்கு வெயிலைக் குறை சொல்லக் கூடாது. துணிப்பையில், அதே குழியின் ஈர மணலோடு, புரட்டாமல் எடுத்துக்கொண்டு நடந்து வர வேண்டும்.

ஒரு குழியில் 100 முதல் 120 முட்டை இருக்கும். அசல் குழியின் ஆழத்தையும் கழுத்து அகலத்தையும் அளந்து, பொரிப்பகத்தில் அதே அளவில், சுமார் 45 சென்டிமீட்டர் ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற பானை வடிவில் கையாலேயே தோண்ட வேண்டும். வாளி போல நேராகத் தோண்டினால் முட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று உயரமாக அடுக்கி நிற்கும், கீழே உள்ளதற்குக் காற்று போகாது. குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். போன வருடப் பொரிப்பகம் இருந்த மணலில் இந்த வருடமும் போட்டால் பழைய ஓட்டிலும் அழுகலிலும் வளர்ந்த பூஞ்சை புது முட்டைக்குத் தொற்றும். இடத்தை மாற்ற வேண்டும். மாற்ற முடியாவிட்டால் பழைய மணலை அள்ளிவிட்டுப் புது மணல் நிரப்ப வேண்டும்.

பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது, அதிலும் அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில் உள்ள சூடு. 29, 30 டிகிரி செல்சியஸ் வாக்கில் இரண்டும் கலந்து வரும். அதற்கு மேல் பெண் கூடும். பொங்கலுக்கு இட்ட முட்டையும் பங்குனியில் இட்ட முட்டையும் ஒரே பொரிப்பகத்தில் இருந்தாலும் அவற்றின் ஆண் பெண் விகிதம் வேறு வேறு. மணல் 34, 35 டிகிரியில் நாள்கணக்கில் நின்றால் கரு செத்துவிடும். அதனால்தான் மார்ச் பாதிக்குப் பிறகு தென்னங்கீற்று நிழல். ஆனால் முதல் நாளிலிருந்தே எல்லாக் குழிக்கும் நிழல் போடுவது ஆண் குஞ்சை மட்டும் உற்பத்தி செய்யும் வேலையாகிவிடலாம். வெப்பப் பதிவுக் கருவியைக் குழியின் நடு ஆழத்தில் புதைத்து, எண்ணைப் பார்த்து நிழல் போட வேண்டும்.

முதல் குஞ்சுகள் வெளிவந்து இரண்டு நாள் கழித்துக் குழியைத் தோண்டி, காலி ஓடு எத்தனை, பொரிக்காதது எத்தனை, உள்ளேயே செத்தது எத்தனை என்று எண்ணுவது முறை. கடலில் விட்ட குஞ்சின் எண்ணிக்கை மட்டும் செய்தித்தாளில் வருகிறது. எத்தனை முட்டையிலிருந்து அத்தனை என்ற விகிதமே பொரிப்பகத்தின் தரத்தைச் சொல்லும். குஞ்சுகளை வாளியில் வைத்து, விருந்தினர் வரும் வரை காத்திருந்து, காலை எட்டு மணிக்கு விடுவது பெரிய தவறு. பிறந்தவுடன் இருக்கும் நீந்தும் வேகம் வாளியிலேயே தீர்ந்துவிடும். வெளிவந்த அதே இரவில், மணலில் சில மீட்டர் ஊர்ந்து போகும்படி விட வேண்டும்.

ஆயிரம் குஞ்சில் பெரிதாகி மறுபடி கரைக்கு வருவது விரல்விட்டு எண்ணும் அளவே. முட்டையிடும் வயதுக்கு வர ஏறக்குறைய 15 ஆண்டு ஆகும். அந்த வயதைத் தாண்டி வந்த ஒரு தாய் ஆமை வலையில் சாவது எத்தனை குழிக் குஞ்சுகளால் ஈடாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆய்வாளரின் நேரம் பொரிப்பகத்தைவிட மீன்பிடித் துறைமுகத்தில் செலவாக வேண்டும் என்பது விளங்கும்.

ஏரிக்குள்

பழவேற்காடு ஏரி சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், சிறு பகுதி தமிழ்நாட்டில். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைக்காலத்தில் நல்ல தண்ணீரைக் கொண்டுவரும், முகத்துவாரம் வழியே கடல்நீர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு மிகக் குறையும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடும்போது உப்பு கடல்நீரின் அளவான ஆயிரத்துக்கு 35-ஐயும் தாண்டிப் போகும். இறால் குஞ்சு உள்ளே வருவதும் வளர்ந்தது வெளியே போவதும் இந்தத் திறப்பை நம்பித்தான். ஆகவே ஒரு பருவத்தில் மட்டும் எடுத்த தரவால் இந்த ஏரியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. தொழில் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத் தரவு போதும் என்று ஏற்கும் நடைமுறை இருக்கிறது. கடல் உயிரியல் படித்தவர்களுக்குச் சம்பளம் கொஞ்சம் நன்றாகக் கிடைக்கும் இடம் இந்த அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனங்களே. அங்கே வேலைக்குச் சேர்பவர், கோடையில் மூன்று மாதம் எடுத்த சேற்று மாதிரியை வைத்து ‘உயிர்வளம் குறைவு’ என்று எழுதச் சொல்லும் நாள் வரும் என்று தெரிந்தே சேர வேண்டும். அன்று ‘இது கோடை நிலை மட்டும்’ என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுக்கவிடாமல் காப்பதுதான் அவர் படித்த படிப்புக்கான வேலை.

சேற்று மாதிரிக்குக் கவ்வியால் அடிமண்ணை எடுத்து, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, மிஞ்சும் புழு, சிப்பி, இறால்வகைகளைப் பதப்படுத்த வேண்டும். இங்கே ஒரு பழைய குழப்பம் இன்னும் தீரவில்லை. கடையில் வாங்கும் பார்மலின் என்பது 37 முதல் 40 சதவீதம் பார்மால்டிஹைடு. அதில் ஒரு பங்கும் கடல்நீர் ஒன்பது பங்கும் கலந்தால் அது 10 சதவீதப் பார்மலின். அதுவே 4 சதவீதப் பார்மால்டிஹைடு. இரண்டும் ஒன்றே. இது புரியாமல், புத்தகத்தில் ‘4 சதவீதம்’ என்று பார்த்து, பார்மலினையே நூற்றுக்கு நான்கு பங்காகக் கலந்தால் உண்மையில் கிடைப்பது 1.6 சதவீதம். ஒரு மாதத்தில் புழுக்கள் கூழாகிவிடும். கொஞ்சம் வெண்காரம் சேர்க்காவிட்டால் அமிலம் ஏறிச் சிப்பி ஓடு கரையும். மரபணு ஆய்வுக்கு எடுக்கும் தசையைப் பார்மலின் பக்கமே கொண்டு போகக் கூடாது, 95 சதவீத எத்தனாலில் போட்டு, ஒரு நாள் கழித்து அந்த எத்தனாலை மாற்ற வேண்டும். தசையிலுள்ள தண்ணீர் அதை நீர்க்கச் செய்துவிடும் என்பதே காரணம். புட்டிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். மார்க்கர் மை எத்தனாலில் கரைந்து, எந்த ஊர் மாதிரி என்று தெரியாத புட்டிகள் அலமாரியில் நிற்கும்.

மீன்பிடிக் கணக்கு எடுக்கிறவர் பாடு முறையைத் தெரிந்துகொள்ளாமல் ஏரியில் கால் வைக்கக் கூடாது. நடுக்குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் இறால் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. இன்று இந்த இடத்தில் யாருக்கு முறை என்பது மாறிக்கொண்டே வரும். வாரத்தில் ஒரே கிழமை மட்டும் போய்க் கணக்கெடுத்தால், ஏரியின் வளத்தை அளந்ததாக நினைத்துக்கொண்டு முறைச் சுழற்சியை அளந்திருப்போம். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் ஏலக்கூடத்துக்கு வராமலே விற்றுவிடுவதால் அவர்கள் பிடிப்பு எந்தக் கணக்கிலும் சேராது. அவர்கள் கரையேறும் நேரத்துக்கு, கரையேறும் இடத்துக்கே போக வேண்டும்.

அனுமதி

கடலாமைகள், ஓங்கில்கள் (டால்பின்கள்), கடல்பசு, கடல் அட்டை, திமிங்கலச் சுறா எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. செத்த உடலிலிருந்து ஒரு துண்டு தசை எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும், முதல் பட்டியல் உயிர் என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் தேவை. ஏரியின் இரு மாநிலப் பகுதிகளும் பறவைகள் சரணாலயம் என்பதால் உள்ளே நுழைந்து ஆய்வு செய்ய 28-ஆம் பிரிவின் அனுமதி தனி. இரண்டு மாநிலத்திலும் வேலை என்றால் இவை எல்லாம் இரட்டிப்பு. ஸ்ரீஹரிகோட்டாக் கரை விண்வெளி மையத்தின் பாதுகாப்பில் உள்ளது, அங்கே இன்னொரு அனுமதி. ராக்கெட் ஏவும் நாளில் படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள் என்பதால் கணக்கெடுப்பு நாளை அதற்கேற்ப வைக்க வேண்டும். ஜனவரியில் தொடங்கும் ஆமைப் பருவத்துக்கு ஜூன், ஜூலையிலேயே விண்ணப்பம் போகாவிட்டால் அந்த வருடம் போனதுதான்.

பழைய தரவைத் தேடும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தடாவும் சூலூர்ப்பேட்டையும் 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டம், அதன் பிறகு திருப்பதி மாவட்டம். மாவட்டப் பெயரை வைத்து வருடங்களை ஒப்பிட்டால் நெல்லூரில் திடீரென ஆமை குறைந்ததாகத் தோன்றும்.

படிப்பும் பிழைப்பும்

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டம். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி பொன்னேரியிலேயே இருக்கிறது. ஆந்திரப் பக்கம் நெல்லூருக்கு அருகே முத்துக்கூரில் மீன்வளக் கல்லூரி உண்டு. இந்தப் பட்டம் மீன்வளத் துறை வேலைக்கும் வங்கி வேலைக்கும் நேரடியாக உதவும். ஆனால் பாடத்தில் மீன் வளர்ப்புக்கும் பதப்படுத்தலுக்கும் இடம் அதிகம், பாதுகாப்புக்குக் குறைவு. மற்றொன்று, விலங்கியல் பட்டம் முடித்துக் கடல் உயிரியலில் முதுகலை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், நெல்லூரில் விக்கிரம சிம்மபுரிப் பல்கலைக்கழகம், கொச்சியில் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் மீன்வள, பெருங்கடல் ஆய்வுப் பல்கலைக்கழகமும், போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் துறை ஆகியவை தெரிந்த இடங்கள். தேராதூன் இந்திய வன உயிரின நிறுவனத்தின் முதுகலையும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வன உயிரின முதுகலையும் நுழைவுத் தேர்வு வழியே. இடங்கள் மிகக் குறைவு, ஆனால் களப்பயிற்சியும் புள்ளியியலும் அங்கே கெட்டியாகச் சொல்லித் தருகிறார்கள்.

எங்கே படித்தாலும் புள்ளியியலைத் தானே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். ஆர் என்ற இலவச மென்பொருளில் ஒரு வருடம் கைபழகினால் போதும். எண்ணிக்கைத் தரவில் பூஜ்யங்கள் நிறைய வரும், நடந்த கிலோமீட்டர் நாளுக்கு நாள் மாறும். சராசரியை மட்டும் போட்டு ஒப்பிடுவது இங்கே செல்லாது. ‘12 ஆமை’ என்பதற்குப் பொருளே இல்லை. ‘15 கிலோமீட்டர் நடந்ததில் 12’ என்றால்தான் அது தரவு. ஒன்றுமே கிடைக்காத நாளையும் பூஜ்யம் என்று எழுதிவைக்க வேண்டும். பல தன்னார்வப் பட்டியல்கள் ஆய்வுக்கு உதவாமல் போவது இந்தப் பூஜ்யங்கள் இல்லாததால்தான்.

காற்று உருளையோடு கடலில் மூழ்கும் (ஸ்கூபா) பயிற்சிக்கு முதலிலேயே பெரும் பணம் செலவழிக்க வேண்டாம். பழவேற்காட்டின் கலங்கல் தண்ணீரில் கை நீட்டினால் விரல் தெரியாது. மன்னார் வளைகுடாவின் பவளத்திலோ அந்தமானிலோ லட்சத்தீவிலோ வேலை என்று உறுதியான பிறகு மூன்று நான்கு நாளில் அடிப்படைச் சான்றிதழ் பெறலாம், அதில் 18 மீட்டர் வரை போகலாம். நீச்சல் மட்டும் கட்டாயம். வேட்டி கட்டிய மீனவருக்கு நடுவில் உயிர்காப்பு மேலாடை போட வெட்கப்படுவதும் கூடாது.

சம்பளத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாய். மொத்தம் ஐந்தாண்டு. தேறாதவர்கள் திட்டப் பணியாளராகவோ தொண்டு நிறுவனங்களிலோ இதைவிடக் குறைவாகத் தொடங்குகிறார்கள். நிரந்தர வேலை என்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் விஞ்ஞானி பதவி, அதற்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் தேர்வு. அல்லது கல்லூரி ஆசிரியர் பணி, மீன்வளத் துறை, இந்திய வனப்பணி. கடலோர வனக் கோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு நல்ல வன அலுவலர் பத்து ஆய்வுக் கட்டுரையால் ஆகாததை ஒரு பருவத்தில் செய்துவிட முடியும். எனவே வனப்பணியை ஆய்வுக்கு வெளியே போவதாக நினைக்க வேண்டியதில்லை.

பெரிய சிக்கல் வேறு. திட்டங்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக்குத்தான் கிடைக்கின்றன. ஆமை 15 ஆண்டில் வயதுக்கு வருகிறது. இன்று விட்ட குஞ்சு திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டிய நாளில், விட்டவர் வேறு ஊரில் வேறு திட்டத்தில் இருப்பார். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்தது. இரண்டு முறையும் முதல் கேள்வி ஒன்றே: இதற்கு முன் இங்கே என்ன இருந்தது? நண்டு எத்தனை, சிப்பி எத்தனை, எந்த மாதத்தில்? அதற்கு முந்தைய வருடங்களில் யாரோ ஒருவர் சலிக்காமல் எண்ணி வைத்திருந்தால் இழப்பீட்டுக் கணக்குக்கு அடித்தளம் கிடைக்கும். இல்லையென்றால் மீனவர் சொல்லே சாட்சி, அதை எழுத்தில் கேட்பார்கள்.

ஆகவே திட்டம் முடிந்து கிளம்புகிறவர் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று உண்டு. மூலப் படிவங்களின் நகல், நடந்த கரையின் தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும், நீளத்தை வளைவில் அளந்ததா நேரில் அளந்ததா என்ற குறிப்பு, படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் விளக்கம், தமிழ்ப் பெயர், தெலுங்குப் பெயர், அறிவியல் பெயர் மூன்றும் கொண்ட பட்டியல், உடன் நடந்த ஊர் இளைஞர்களுக்கு எந்த அளவு வரை பயிற்சி ஆகியிருக்கிறது என்ற ஒரு பக்கம். இவற்றை ஒரு கோப்பாக்கி அருகிலுள்ள கல்லூரித் துறையிலும் வனச்சரக அலுவலகத்திலும் ஆளுக்கொரு படி கொடுத்துவிட்டு, தெலுங்குப் படியைச் சூலூர்ப்பேட்டைப் பக்கமும் சேர்த்துவிட வேண்டும். அடுத்த தையில் வேறொருவர் அதே முகத்துவாரத்திலிருந்து அதே நாடாவோடு நடக்கத் தொடங்கலாம்.